நாலும் ஒரே அளவு

ஸ்டோன்ஹில் தோட்டம்,
நோர்வூட்.
1978 ஆனி மாதம்

அன்புள்ள டோரீன் தங்கச்சிக்கு,

உங்கள் கடித உறையில் ஒட்டியிருந்த முத்திரையை வெந்நீர் ஆவியில் காட்டிக் கழற்றி இன்று காலை பவுலினிடம் கொடுத்தேன். என் தங்கை இப்போது முத்திரை சேர்க்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய பொழுதுபோக்கு என்று நான்தான் பழக்கினேன். கடிதம் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்தது பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் கடிதங்களைத் தொழிலாளர் லயத்துக்கு லயம் போய் வாசித்துக் காட்டுகிறவன் நான். உங்களுக்குக் கிடைத்தது பலருக்குக் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பெட்டியைத் துடைக்கும்போது உங்கள் அண்ணன் லோரன்ஸின் பழைய கடிதம் ஒன்று அகப்பட்டதாகவும், சாவதற்குச் சில நாள் முந்தி எழுதிய அந்தக் கடிதத்தில், ‘புது டயர் போட்டதிலேருந்து காரு வாத்து மாதிரி பின்பக்கத்த ஆட்டுது, ஞானரட்ணம் மாஸ்டர்கிட்ட கேட்டேன், ஓட ஓடச் சரியாயிரும்னாரு’ என்று ஒரு வரி இருப்பதாகவும், மாஸ்டராகிய நான் எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்தது, பவுலினை அங்கே கூட்டிக்கொள்ளலாமா என்பது.

கேள்வி நேராக வந்தால் பதிலும் நேராகப் போக வேண்டும். நோர்வூட் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வழக்கம். ஆகவே டயரிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் சக்கரங்களைக் கவனித்திருக்க மாட்டீர்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம் எங்கள் கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது, தன் நாயைப் பாக்டரி டீமேக்கருக்கும் காரைத் தன் டிரைவர் லோரன்ஸுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். நாய் கொஞ்ச நாளில் செத்தது. கார் ஓடியது.

ஜெர்மன்காரன் செய்த கார். முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம், என்ஜின் பின்னால். அதனால் முன் டயர் இரண்டும் ஒல்லி, பின் டயர் இரண்டும் அகலம். முதல் தடவை பார்க்கிறவன் யாரோ மாற்றிப் பூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். அது பிழையல்ல. பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால், முடக்கில் திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசப் பார்க்கும். அகல டயர்தான் அதைத் தரையோடு பிடித்து நிறுத்தும். செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

உங்கள் அண்ணன் அதைக் கல்யாணக் கார் ஆக்கினார். பின் சீட்டில் பொண்ணும் தோழியும் மடங்கித்தான் உட்கார வேண்டும். இருந்தாலும் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் அந்தக் காரைத்தான் கேட்டார்கள். லோரன்ஸ் நல்ல மனிதர். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இருந்ததில்லை. அதை இங்கேயே எழுதிவிடுவது நல்லது.

பவுலினைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். அம்மா செத்த பிறகு வீட்டைப் பார்த்தது அவள்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. முன்பு அவளுக்கு மூன்று சம்பந்தம் வந்தது. ஒருவர் டயகமவில் கணக்கப்பிள்ளை. ஒருவருக்கு ராகலையில் மரக்கறிக் கடை. மற்றவர் பெயர் மறந்துவிட்டது. மூவருக்கும் நான்தான் பதில் எழுதினேன். ‘இப்போதைக்கு என் சகோதரிக்குத் திருமண எண்ணம் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று மரியாதையாகவே எழுதினேன். டயகமக்காரர் என் தமிழைப் பாராட்டித் திரும்ப எழுதினார். இதையெல்லாம் பவுலினிடம் சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை.

லோரன்ஸ் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“அண்ணே, லோரன்ஸ் என்னயக் கேட்டாரு.”

“என்ன கேட்டார்?”

“அரிசி கேட்டாருன்னா ஒங்ககிட்ட வந்து சொல்லுவேனா? கட்டிக்கிறியான்னு கேட்டாரு.”

நான் மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன்.

“பேனாவ மூடுங்கண்ணே” என்றாள். “பதில் போயிருச்சு. வாயாலயே சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சட்டையின் கை மடிப்பு அன்று சரியாக விழவில்லை.

அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு அட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, உங்களிடம் வந்து சேருவதென்று திட்டம். உங்களுக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியாதது, போனவர்கள் எழுதும் கடிதங்கள் என் கையில்தான் முதலில் பிரியும் என்பது. காட்டில் மரம் வெட்டுகிறோம், கல் உடைக்கிறோம், எங்களைச் சிலோன்காரர்கள் என்று ஒதுக்கிவைக்கிறார்கள், இப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களை வாசித்தவன் தன் தங்கையை அனுப்ப யோசிப்பானா மாட்டானா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் சௌகரியத்தை நான் நினைக்கவில்லை. எனக்கு வயிற்றுப் புண். காலையில் கஞ்சி வேண்டும், உப்புக் குறைவாக, ஆறாமல். சட்டைக் கழுத்துப்பட்டி விறைப்பாக நிற்கிற பதம் பவுலினுக்குத்தான் தெரியும். நான் ராத்திரி எழுதும்போது விளக்குத் திரியை அவளாகவே வந்து தூண்டிவிட்டுப் போவாள், கூப்பிட வேண்டியதில்லை. இதற்கெல்லாம் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். நான் யோசித்தது அவளை உத்தேசித்துத்தான்.

இந்தச் சமயத்தில் லோரன்ஸே வந்தார். கண்டியில் ஒருவர் காரை வாங்க ஒத்துக்கொண்டிருக்கிறார், டயர் மாற்றிக் கொடுத்தால்தான் எடுப்பாராம்.

“டயரு மொட்டையாப் போச்சுங்க மாஸ்டர். நம்ம ஆபீசு பெரிய கிராணி மண்ட மாதிரி, வெயில் பட்டா மின்னுது. ஒங்க எழுத்துக்குத்தான் கதவு தொறக்கும்.”

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. டயருக்குப் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு இங்கிலீஷில் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு நான் வேண்டும். எழுதினேன். பெர்மிட் வந்தது. வந்ததும் அட்டனில் டயர் கடை வைத்திருக்கும் அன்ஸார் முதலாளியைப் பார்க்கப் போனேன். லோரன்ஸுக்கு அன்று கல்யாண ஓட்டம் ஒன்று இருந்ததால் நான் மட்டும்தான் போனேன்.

அன்ஸார் முதலாளி டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வரவழைத்தார்.

“முன்னுக்கு உள்ள அளவு நம்ம நாட்டுலயே செய்றாங்க மாஸ்டர். அதுல நாலு வேணுமெண்டாலும் தாறேன். பின்னுக்கு உள்ள அகல டயர் இங்க இல்ல. ஆனா என்ட மச்சான் கொழும்புல ஒரு சோடி வெச்சிரிக்கான். எம்பசிக் கார் ஒண்டுல கழட்டினது. பாதிகூடத் தேயல்ல. ஒரு சொல்லுச் சொன்னா ரயில்ல போட்டு உடுவான்.”

“நாலும் ஒரே அளவாகப் போட்டால் என்ன?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் அது வெறும் கேள்விதான்.

“போடலாம். ரிம்முல ஏறும். ஏத்தத்துல ஒண்டும் தெரியாது. மழையில, எறக்கத்துல, முடக்குக்குள்ள பூந்த பொறகு மிதிச்ச காலைச் சட்டெண்டு தூக்கினா, அம்புட்டுத்தான். வாலு முன்னுக்கு வந்துரும், மூஞ்சி பின்னுக்குப் போயிரும்.”

“காலை எடுத்தால் கார் மெதுவாகும்தானே?”

“மத்தக் காருக்குச் சரி. இதுக்கு அந்த நேரம் பின்பக்கம் லேசாயிரும், பிடி போயிரும். அதுக்குத்தானே மாஸ்டர் வெள்ளக்காரன் அகல டயரப் போட்டு வெச்சிரிக்கான்.”

கெபி முடக்கு என் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

எங்கள் தோட்டத்து றோட்டு நோர்வூட்டுக்கு இறங்கும் இடத்தில் ஒரு கொண்டையூசி முடக்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். முன்பு அங்கே ஒரு கொழுந்து லொறி விழுந்தது. அதன் பிறகு விபத்து நடக்கக்கூடாதென்று அந்த முடக்கிலேயே மாதா சொரூபம் வைத்து ஒரு கெபி கட்டினோம். கோயில் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அன்றிலிருந்து நம் ஆட்கள் யாரும் மாதாவைக் கடக்கும்போது மிதித்துக்கொண்டு போவதில்லை. மரியாதைக்காகக் காலை எடுப்பார்கள். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கண் ஒரு நொடி மாதாவின் பக்கம் போகும். உங்கள் அண்ணன் இதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கல்யாணப் பொண்ணு பின்னால் இருந்தாலும் சரி, தனியாகப் போனாலும் சரி. ‘பிரேக்கு வுட்டாலும் மாதா வுட மாட்டா’ என்று சொல்லுவார்.

பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். கொழும்புச் சோடி வேண்டாம், நாலும் ஒரே அளவாகவே போட்டுவிடலாம் என்று அன்ஸார் முதலாளியிடம் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப லோரன்ஸ்கிட்ட மறக்காமச் சொல்லிருங்க மாஸ்டர். முடக்குல காலை எடுக்கப்படாது. மிதிச்ச மாதிரியே திருப்பிக்கிட்டுப் போகணும்.”

“சொல்லிவிடுகிறேன்” என்றேன். எப்போது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

லோரன்ஸிடம் நான் எடுத்துச் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் உண்மை. நாலும் ஒரே அளவென்றால் ஒரு ஸ்பெயார் டயர் நாலுக்கும் பொருந்தும். முன்னால் தேய்ந்ததைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். வாங்குகிற கண்டிக்காரரும் பிற்பாடு டயர் தேடி அலைய மாட்டார். அகல டயர் எங்கேயாவது கிடைக்காதா என்று கேட்டார். இந்த நாட்டில் செய்வதில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

“அதுவுஞ் சரிதாங்க” என்று சிரித்தார். “எல்லாரும் சமம்னுதானே இப்பக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறாங்க. டயருக்குள்ள மட்டும் என்னத்துக்கு மேச்சாதி கீழ்ச்சாதி?”

டயர் போட்ட மறுநாள் நன்றி சொல்வதற்காக என்னை ஏற்றிக்கொண்டு நோர்வூட் வரை போய்வந்தார். நல்ல வெயில், றோட்டு காய்ந்திருந்தது. கெபி முடக்கில் வழக்கம்போலக் காலை எடுத்தார், கையை எடுத்தார். காரின் பின்பக்கம் லேசாக ஒரு ஆட்டம் ஆடி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் தெரியும். அவ்வளவுதான்.

“பாத்தீங்களா மாஸ்டர்? காருகூட இடுப்ப வளைச்சு மாதாவக் கும்புடுது. ஆனா இது முந்தி இப்புடி ஆடாதே. என்னாவா இருக்கும்?”

“புது டயர். ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றேன்.

நீங்கள் கேட்ட வரி இதுதான். எதை வைத்துச் சொன்னேன் என்று கேட்டீர்கள். காய்ந்த றோட்டில் இவ்வளவு என்றால் ஈர றோட்டில் எவ்வளவு என்று மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

பிறகு கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் பாதர் கேட்டார். நான் முன் பெஞ்சிலேயே இருந்தேன். சொல்லக்கூடிய தடை எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் சம்மதம். எழுந்து நின்று நான் என்னவென்று சொல்வது?

மூன்றாம் ஓலை வாசித்த அந்தக் கிழமையிலேயே மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை அட்டனுக்குப் போய்க் கூறைச் சேலை எடுப்பதாக இருந்தது. லோரன்ஸ் மட்டும் போய்வருவதென்றுதான் பேச்சு. அதை நான் நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கார் வந்து வாசலில் நின்றபோது பவுலின் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“நானும் போயிட்டு வந்துர்றேண்ணே. இவரு கண்ணுக்கு ஒலகத்துல செவப்பு ஒண்ணுதான் தெரியும். கோழிக்கொண்ட நெறத்துல ஒண்ணக் கட்டித் தூக்கிக்கிட்டு வந்துருவாரு.”

“செவப்புக்கு என்னா கொற?” என்று காருக்குள்ளிருந்து லோரன்ஸ் கத்தினார். “மாஸ்டர், கேட்டுக்கங்க, இப்பவே ஆரம்பிச்சாச்சு. கப்பல்லயாவது என்னயப் பேச வுடுவாளான்னு கேட்டுச் சொல்லுங்க.”

நான் வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, போகாதே என்று. சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு நான் டயரிலிருந்து தொடங்க வேண்டும். லோரன்ஸும் கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவையும் விளக்குவதற்கு அது சமயமல்ல, கார் ஸ்டார்ட்டில் நின்றது.

“குடையை எடுத்துக்கொள்” என்றேன்.

உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கார் இறங்கும் சத்தம் கெபி முடக்கு வரைக்கும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நின்று கேட்டேன். முடக்குக்குள் போனதும் என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது. காலை எடுத்திருக்கிறார். அதன் பிறகு மறுபடி உறுமுகிற சத்தம் வர வேண்டும். வரவில்லை. மழைச் சத்தம்தான் இருந்தது. பிறகு கீழ் மலையில் பெண்கள் கத்துவது கேட்டது.

அடுப்பங்கரையில் பவுலின் எனக்குக் கஞ்சி ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். குடித்துவிட்டுத்தான் போனேன். வெறும் வயிற்றோடு மழையில் நனையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கார் மாதாவுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, மேல்பக்கம் பார்த்தபடி, பின்னோக்கிப் போய் தேயிலைக்குள் இறங்கி ஓடைக்குள் விழுந்ததாம். கடைசி வரைக்கும் மாதாவைப் பார்த்துக்கொண்டேதான் போனார் என்று அழகுமுத்துக் கங்காணி எல்லாரிடமும் சொன்னார். அது சனங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உங்களுக்கும் அந்த வாக்கியத்தை அப்போதே எழுதினேன். உங்கள் அண்ணன் அங்கேயே போய்விட்டார். பவுலினுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

மரண விசாரணையில் சிங்களத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். பொலிஸ் சார்ஜன்ட் டயரைக் காலால் ஒரு உதை உதைத்து, “அலுத் டயர் நேத?” என்றார். புது டயர்தானே என்று கேட்டார். “ஓவ்”, ஆமாம், என்றேன். நாலும் புதுசு, நாலும் ஒரே அளவு என்பதை அவரே குனிந்து பார்த்துக்கொண்டார். வாகனத்தில் குறை இல்லை, மழையும் வழுக்கலும்தான் காரணம் என்று முடிவாகியது. அந்த டயருக்காகப் பெர்மிட் வாங்கிக் கொடுத்தது நான் என்று யாரோ சொல்ல, விசாரணை அதிகாரி எனக்குக் கை கொடுத்தார்.

அடக்கத்துக்கு அன்ஸார் முதலாளியும் வந்திருந்தார். கோயிலுக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சொன்னீங்கதானே மாஸ்டர்?” என்று கேட்டார். “சொன்னேன்” என்றேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் மனம் வருந்தக்கூடாது என்பதற்காகச் சொன்னது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இது. சரியாகாது என்று தெரிந்துதான் சரியாகிவிடும் என்றேன். அந்த முடக்கில் உங்கள் அண்ணன் காலையும் கையையும் எடுப்பார் என்று தெரிந்துதான் அந்த நாலு டயரையும் போட வைத்தேன். கொன்றது நான் என்று நீங்கள் எழுதினால் மறுத்து எழுத மாட்டேன். ஆனால் அந்த வாக்கியம் அரைகுறையாக இருக்கும். பவுலினின் நன்மையை உத்தேசித்து என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாசிக்கிறவர்கள் முழுக்க வாசிக்கட்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இனி இரண்டாவது கேள்வி. பவுலினை அங்கே அனுப்ப வேண்டிய தேவை இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. இங்கே அவளுக்குக் குறை எதுவும் இல்லை. முற்றத்துக்கு மேலே தகரம் போட்டிருக்கிறேன். அடுப்பைத் தாழ்வாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், உட்கார்ந்தபடியே கஞ்சி வைக்கலாம். இஸ்திரி மேசையையும் கால் வெட்டி இறக்கியாயிற்று.

போன வருஷம் கன்னியாஸ்திரிகள் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், முன்னால் கைப்பிடி அளவுக்கு இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு பெரிய சக்கரம். வந்த அன்றைக்கே பவுலின் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அண்ணே, இங்க பாருங்க. முன்னுக்குச் சின்னது, பின்னுக்குப் பெருசு. ஒங்களுக்குச் சரிப்படாதே.”

அதற்கு முந்தின கிழமை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அன்ஸார் முதலாளி வந்து அவளோடு நெடுநேரம் பேசிவிட்டுப் போயிருந்தார். பவுலின் எப்போதும் பகிடிக்காரி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கெட்டிக்காரத்தனமாக அந்த நாற்காலியைப் பழகிவிட்டாள். பெரிய சக்கரத்தைக் கையால் உருட்டி முதலில் வாசல் வரைக்கும், பிறகு றோட்டு வரைக்கும் போனாள். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயின. ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் இல்லை. கெபி முடக்கைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு இருந்தாளாம். அழகுமுத்துக் கங்காணி கண்டு தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அந்த இறக்கத்தில் ஒரு பெண் தனியாக இறங்கியிருக்கிறாள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு ஆபத்து.

“எங்கே போகப் பார்த்தாய்?” என்று கேட்டேன்.

“டோரீன்கிட்ட” என்றாள்.

உங்கள் பெயரைச் சொன்னாள் என்பதை உங்கள் திருப்திக்காகவே எழுதுகிறேன்.

மறுநாளே நாற்காலியைத் தேயிலை பாக்டரிக்கு எடுத்துப் போனேன். பெட்டி தள்ளுகிற வண்டியின் சின்னச் சக்கரங்கள் அங்கே மிச்சம் கிடந்தன. பிட்டர் கணேசமூர்த்தியிடம் பெரிய சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு அவற்றைப் பூட்டச் சொன்னேன்.

“பெருச எடுத்துட்டா அவங்க கை எட்டாதுங்களே மாஸ்டர்? தன்னால உருட்டிக்க ஏலாதே?” என்றார்.

“நான் தள்ளுவேன்” என்றேன்.

வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தார். இப்போது நாலும் ஒரே அளவு. ஒன்று தேய்ந்தால் எதையும் எதற்கும் மாற்றிப் போடலாம். பாக்டரியில் ஸ்பெயாரும் இருக்கிறது. பவுலினின் உள்ளங்கைக் காய்ப்பு ஆறிப் பழையபடி மிருதுவாகிவிட்டது. சக்கரம் மாற்றிய நாளிலிருந்து வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரியாகச் சொல்வதானால், எந்த வார்த்தையும் சொன்னதில்லை. கஞ்சி நேரத்துக்கு வருகிறது, கழுத்துப்பட்டி விறைப்பாக நிற்கிறது. மன நிறைவு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது எனக்கு எதிரேதான் இருக்கிறாள். காலையில் கொடுத்த உங்கள் முத்திரையை இன்னும் புத்தகத்தில் ஒட்டவில்லை. கோத்தகிரித் தபால் கந்தோர் சீல் அதில் பாதிக்கு மேல் தெரிகிறது. கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருக்கிறாள், கேட்டாலும் திறப்பதில்லை. ஈரம் காயட்டும் என்று வைத்திருக்கிறாள் போலும்.